மோட்டர்ஹோம் ஸ்டீயரிங்: உறை மாட்டுவதா, தைப்பதா, கழற்றிக் கொடுப்பதா?

எங்கள் மோட்டர்ஹோமின், அதாவது உள்ளேயே தங்கி வாழும் வசதி செய்த வேனின், ஸ்டீயரிங்கைக் கெடுத்தது ஒரு பொடிப்பூச்சி. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கோடை மாலைகளில் காற்று நின்றதும் புகைபோல எழும்பி வரும் மிட்ஜ், நம்மூர்க் கொசுவில் கால்வாசிகூட இருக்காது, ஆனால் கடிக்க ஆரம்பித்தால் டீ கப்பை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். போன வருடம் ஆகஸ்ட்டில் அதற்குப் பயந்து கை முழுக்க டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்து கலந்த ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டு, கழுவாமல் வண்டியை எடுத்தேன். டீட் பல பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, யார் படிக்கிறார்கள்? இருபது மைல் போவதற்குள் உள்ளங்கை இரண்டிலும் கறுப்பு. முதலில் கரி என்று நினைத்தேன், அப்புறம்தான் ஸ்டீயரிங் என் கையோடு வந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது.

உண்மையைச் சொன்னால் அது ஏற்கெனவே பாதி போன ஸ்டீயரிங்தான். வண்டி 2009 ஃபியட் டுக்காட்டோ. இங்கே இங்கிலாந்தில் சாலையில் பார்க்கும் மோட்டர்ஹோம்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது இந்த வண்டி, இல்லையென்றால் இதன் கூடப்பிறந்த பெஜோ பாக்ஸர், சிட்ரோயன் ரிலே. வேன் விற்கும் விலையில் விற்ற வண்டி, அதனால் ஸ்டீயரிங் வளையம் சாதாரணப் பாலியூரித்தேன். தோல் ஸ்டீயரிங் தனிக் காசு. வேன் ஓட்டுகிறவர் அதைப் பத்து வருடத்தில் தேய்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார். மோட்டர்ஹோம் அப்படி இல்லை, வருடத்துக்கு நாலாயிரம் மைல் ஓடி, மீதி நாளெல்லாம் அந்தப் பெரிய முன்கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வெந்துகொண்டு நிற்கும். அதோடு சன் கிரீம், கைக்குப் போடும் கிரீம், 2020க்குப் பிறகு சானிடைசர். பிளாஸ்டிக் ஒன்று வழவழவென்று பளபளக்கும், அல்லது பிசுபிசுக்கும். எங்களுடையது இரண்டையும் செய்தது, மேலே பிசுபிசுப்பு, கீழே வழவழப்பு.

கார் என்றால் பொறுத்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். ஆனால் மோட்டர்ஹோமில் ஓட்டுநர் சீட்டைத் திருப்பிப் போட்டால் அதுதான் ஹால். ஸ்டீயரிங்கில் துண்டு காயும், பிள்ளைகள் தலையணையைச் சாய்த்து வைப்பார்கள், ராத்திரி திரை போடும்போது கை படும். என் மனைவியின் வெளிர் நிற ஸ்வெட்டரில் ஒரு கறுப்புப் பிறை விழுந்த அன்றுதான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது.

முதலில் துடைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி. அழுக்கு மட்டும் என்றால் இது போதும், நிறையப் பேருக்கு இதுவே போதும், புதிய வண்டிக்காரர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். எங்களுக்கு மூன்று வாரத்தில் பிசுபிசுப்பு திரும்பி வந்துவிட்டது, ஏனென்றால் ஒட்டியது அழுக்கு அல்ல, பிளாஸ்டிக்கின் மேல்தோலே சிதைந்துபோயிருந்தது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். டாஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கான் பளபளப்பு ஸ்ப்ரேயை ஸ்டீயரிங்கில் அடிக்காதீர்கள். எண்ணெய் தடவிய கையோடு உரல் பிடிப்பதுபோல் இருக்கும்.

அடுத்தது எல்லோரும் செய்வதுதான், சூப்பர் மார்க்கெட்டின் கார் சாமான் வரிசையில் பன்னிரண்டு பவுண்டுக்கு ஒரு மாட்டும் உறை. வளையமாகவே வரும், உள்ளே ரப்பர், வெளியே ரெக்சின், அப்படியே அழுத்தி ஏற்றிவிட வேண்டியது. ஐந்து நிமிட வேலை என்று அட்டையில் போட்டிருந்தது, எனக்கு அரை மணி நேரமும் இரண்டு நகமும் ஆயிற்று. பார்க்க மோசமில்லை. பிடிதான் லாரி ஸ்டீயரிங்போல் தடித்துவிட்டது. என் மனைவிக்கு விரல் சுற்றி வரவில்லை, அவர் ஓட்டும்போது உள்ளங்கையால் தள்ளித் தள்ளித் திருப்பினார்.

அதைக்கூடச் சகித்திருப்போம். சோமர்செட்டில் செடார் பள்ளத்தாக்குச் சாலை இருக்கிறது, இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்க, நடுவில் சாலை பாம்புபோல் வளைந்து வளைந்து இறங்கும். அதில் ஒரு இடது வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், கை திரும்புகிறது, உறை திரும்புகிறது, ஸ்டீயரிங் ஒரு இரண்டு விரற்கடை பின்தங்கி வருகிறது. அவ்வளவுதான், ஒரு நொடி. எதிரே ஒரு சைக்கிள்காரர் இருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்குத்தான் வயிறு கலங்கிவிட்டது. கீழே வந்து கார் பார்க்கில் நிறுத்தியதும் உறையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். வெயிலில் உள்ரப்பர் இளகியிருக்கிறது, அடியில் பிசுபிசுத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் கிரீஸ் மாதிரி வேலை செய்திருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் ஸ்டீயரிங்கில், சரியான அளவில் மாட்டினால் இது நடக்காது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கலாம். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஸ்டீயரிங்குக்கு உறை எதற்கு? மூன்றரை டன் வண்டிக்கு இந்த வகை வேண்டாம் என்பது என் கட்சி.

இனி மிச்சம் மூன்று வழி. தைக்கும் உறை வாங்கி நாமே தைப்பது, ஸ்டீயரிங்கைக் கழற்றித் தோல் வேலை செய்கிறவரிடம் கொடுத்து அதன்மேலேயே புதுத்தோல் போடச் சொல்வது, இல்லையென்றால் வேறு வண்டியிலிருந்து எடுத்த தோல் ஸ்டீயரிங்கை வாங்கி மாற்றுவது.

மூன்றாவதை முதலில் தள்ளிவிடுகிறேன். உடைத்து விற்கும் யார்டுகளில் தோல் ஸ்டீயரிங் கிடைக்கும், விலையும் பயமுறுத்தாது. ஆனால் டுக்காட்டோ 2014இல் முகம் மாறியது, 2021இல் இன்னும் பெரிதாக மாறி எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கே வந்துவிட்டது. வருடம் ஒத்துவந்தாலும், ரேடியோ பட்டன் உள்ளதா இல்லாததா, அதற்கான ஒயர் நம் வண்டியில் இருக்கிறதா, நம் ஏர்பேக் அதில் உட்காருமா என்று வரிசையாகக் கேள்வி. ஏர்பேக்கோடு சேர்த்து வாங்குவதும் சுலபமில்லை, அது வெடிமருந்து உள்ள சாமான், சாதாரணத் தபாலில் அனுப்பக் கூடாது. அதோடு காப்பீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதே வருடம், அதே மாடல், கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்து, மாற்றிக் கொடுக்க நம்பகமான மெக்கானிக்கும் இருந்தால் யோசிக்கலாம். எனக்கு இந்த நான்கும் ஒன்றாக அமையவில்லை.

கழற்றிக் கொடுப்பது வேறு தரம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். நான் கேட்டுப் பார்த்த ஒருவர் 170 பவுண்டு சொன்னார், போக வரத் தபால் தனி. வேலையை எப்படிச் செய்வார்கள் என்று அவரே பொறுமையாக விளக்கினார். பழைய மேற்பரப்பைத் தேய்த்து எடுத்து, பள்ளம் இருந்தால் நிரப்பி, வளையத்தின்மேல் டேப் ஒட்டி வரைந்து அதிலிருந்து அளவு எடுத்து, தோலை நான்கு துண்டாக வெட்டி, சேரும் ஓரங்களைச் சீவி மெலிதாக்கி, பசை போட்டு ஒட்டி, அப்புறம் கையால் தைப்பது. ஸ்போக், அதாவது நடுப்பகுதியையும் வளையத்தையும் இணைக்கும் கை, வளையத்தோடு சேரும் மூலைகூட மூடிப் போகும். அங்கேதான் கடை உறைக்கும் இதற்கும் வித்தியாசம், கடை உறை அந்த மூலையில் எப்போதும் கொஞ்சம் அசடு வழியும். உங்கள் ஸ்டீயரிங்கின் ஃபோம் வெடித்திருந்தால், துண்டு பெயர்ந்திருந்தால், வேறு பேச்சே வேண்டாம், கொடுத்துச் செய்யுங்கள். வெடிப்பின்மேல் உறை தைப்பது சொத்தைப் பல்லுக்குச் சாயம் பூசுவதுதான்.

எனக்குத் தடையாக இருந்தது காசு மட்டுமல்ல, கழற்றுவதும்தான். ஏர்பேக்கைத் தொட வேண்டுமென்றால் பேட்டரி இணைப்பைப் பிரித்து, உள்ளே தங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும். இது கார்க்காரர்களுக்குத் தெரிந்ததே. மோட்டர்ஹோமில் இன்னொரு கண்ணி இருக்கிறது, இதைச் சொல்லும் ஆட்கள் குறைவு. பல வண்டிகளில் கூரைமேல் இருக்கும் சோலாரும், வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும் சார்ஜரும் வண்டியின் வீட்டுப் பகுதிக்கான பேட்டரிக்கு மட்டுமல்லாமல் எஞ்சின் பேட்டரிக்கும் கொஞ்சம் ஊட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் எஞ்சின் பேட்டரியின் நெகட்டிவை மட்டும் கழற்றிவிட்டு, மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து உட்கார்ந்திருப்பீர்கள், சோலார் பாட்டுக்குச் சேஸிஸ் வழியாக வண்டியின் ஒயரிங்குக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். ஆகவே வெளிக் கரண்ட் கேபிளைப் பிடுங்கி, சோலாரையும் நிறுத்திவிட்டுத்தான் அந்த வேலையைத் தொட வேண்டும், இல்லையென்றால் தொடவே வேண்டாம், கராஜில் கொடுத்துவிடலாம். தவறிப்போய் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றுவிட்டால் அடுத்த எம்ஓடியில், அதாவது இங்கே வருடாவருடம் செய்யும் வாகனத் தகுதிச் சோதனையில், வண்டி ஃபெயில்.

தைக்கும் உறையில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. ஸ்டீயரிங் இருந்த இடத்திலேயே இருக்கும், நடுவில் உள்ள ஏர்பேக் மூடி பக்கம் நாம் போகவே மாட்டோம். வெளி வளையத்தில் மட்டும்தான் வேலை. சாவியை எடுத்துவிட்டு உட்கார்ந்து தைக்க வேண்டியதுதான். ஆனால் தைக்கும் உறை என்ற பெயரில் இரண்டு மூன்று விதமான சரக்கு விற்கிறார்கள், நான் முதல் தடவை அதில்தான் ஏமாந்தேன்.

முதலில் வாங்கியது பதினான்கு பவுண்டு. தோல் என்று போட்டிருந்தது. இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளை, அதன் வழியே ஷூ லேஸ் கட்டுவதுபோல நூலைக் கோத்து இழுக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் எனக்கே சந்தேகம். எங்கள் குடும்பத்தில் சித்தப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஃபேக்டரியில் முப்பது வருடம் இருந்தவர், அவருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“டேய், இதைப் போய் தோலுன்னு வாங்கியிருக்கியே. பின்பக்கம் பாரு, துணி நெசவு தெரியுதா இல்லையா?”

“தெரியுது சித்தப்பா. ஆனா வாசனை தோல் மாதிரியே இருக்கே.”

“வாசனையை பாட்டில்ல வாங்கலாம்டா. முன்பக்கம் யார் வேணும்னாலும் அச்சு அடிப்பான். பின்பக்கம்தான் பொய் சொல்லாது, நார் நாரா, பூனை முதுகு மாதிரி இருக்கணும். இது ரெக்சின்.”

ரெக்சினாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தைத்தும் பார்த்தேன், பாதி வரை. இரண்டு பிரச்சினை. ரெக்சின் எவ்வளவு இழுத்தாலும் ஸ்டீயரிங்கின் வளைவுக்குப் படியாது, உள்பக்கம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும், தோல் என்றால் சூடு காட்டினால் கொஞ்சம் இளகி, ஆறும்போது அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். இன்னொன்று துளை. துளை போட்ட இடத்தில் நூலை இறுக்கினால் துளை நீண்டு கிழியப் பார்க்கிறது. இதற்குப் பதில் இரண்டு ஓரத்திலும் ஏற்கெனவே மெஷின் தையல் போட்டு, அந்தத் தையலின் ஒவ்வொரு கண்ணியிலும் நாம் ஊசியை நுழைத்துக் கோக்கும் வகை இருக்கிறது. அதில் இழுப்பு முழுவதும் நூலில் விழும், தோலில் விழாது. விலை கூடுதல்தான், நான் இரண்டாவது வாங்கியது 36 பவுண்டு, கொடுத்த காசுக்கு மேல் சரக்கு. தோல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு மேல் தடிமன் வேண்டாம், வளையாது. மெல்லிய ஸ்வீடுபோல மயிரோடு வருவதும் உண்டு, ரேஸ் காரில் பார்க்க அழகாக இருக்கும், வியர்வை பட்டுப் பட்டு நான்கு மாதத்தில் நனைந்த பூனைபோல ஆகிவிடும், தவிர்த்துவிடுங்கள்.

அளவு பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், தோல்வியெல்லாம் இங்கேதான். உறைகளில் 37–38 என்று போட்டிருக்கும், அது ஸ்டீயரிங்கின் வெளிவிட்டம், சென்டிமீட்டரில். ஒரு சென்டிமீட்டர்தானே, பரவாயில்லை என்று 38க்கு 39 வாங்கினால் என்ன ஆகும்? விட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் சுற்றளவில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கூடும், பள்ளிக்கூடத்தில் படித்த ‘பை’ (3.14) கணக்குதான். அந்த மூன்று சென்டிமீட்டர் தோலை எங்கே ஒளிப்பீர்கள்? ஸ்டீயரிங்மேல் புழு மாதிரி நெளியும். அதனால் இஞ்ச் டேப்பை வெளிவிளிம்பைச் சுற்றி ஓட்டிச் சுற்றளவையே அளந்து 3.14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், குறுக்கே நீட்டி அளப்பதைவிட இதில் தவறு குறைவு. அப்புறம் பிடியின் பருமன், அதாவது கையில் பிடிக்கும் இடத்தைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர். இதைக் கேட்காத கடையிடம் வாங்காதீர்கள். ஸ்டீயரிங் எல்லா இடத்திலும் ஒரே பருமனாக இருக்காது, பத்து மணி, இரண்டு மணி இடங்களில் கட்டைவிரலுக்குப் புடைப்பு இருக்கும், அங்கேயும் அளக்க வேண்டும், சாதாரண இடத்திலும் அளக்க வேண்டும். உறையின் அகலம் இந்த அளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். சுற்றி வைத்தால் உள்பக்கம் இரண்டு ஓரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும், அந்த இடைவெளியை நூல் இழுத்து மூடும்போதுதான் தோல் இறுகும். இழுக்காமலே ஓரங்கள் தொட்டுக்கொண்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கடைசியாக ஸ்போக்கை எண்ணுங்கள். எங்கள் வண்டியில் நான்கு. மூன்று ஸ்போக்குக்கென்று வெட்டு விட்ட உறையை நான்கில் போட முடியாது.

தைத்தது பிப்ரவரியில், எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டிக்குள், இரண்டு மாலை. ஊரிலிருந்து அம்மா வந்திருந்த சமயம். கேஸ் ஹீட்டரைப் போட்டு வண்டியைச் சூடாக்கி, உறையை ஹீட்டர் காற்று வரும் வாயருகே அரை மணி நேரம் தொங்கவிட்டேன். அதற்கு முன்னால் வளையத்தை ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் கறுப்பு வராத வரைக்கும் துடைத்தேன், மூன்று பழைய பனியன் போயிற்று. இதைத் தாண்டிப் போகாதீர்கள். அடியில் அந்தப் பிசுபிசுப்பு இருந்தால் செடாரில் நடந்ததுதான் இதிலும் நடக்கும். சிலர் வளையத்தில் பசை பூசச் சொல்கிறார்கள், நான் பூசவில்லை, மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் ஒட்டும் மெல்லிய டேப் ஒரு விரல் நீளம் மட்டும். நாளைக்குக் கழற்றிக் கொடுத்துத் தோல் போட மனம் வந்தால் பசையைச் சுரண்டிக்கொண்டிருக்க முடியாது.

உறையின் ஒட்டுத்தையல் ஆறு மணி இடத்தில் வருமாறு வைத்து, மேலிருந்து இரண்டு கையாலும் கீழே இழுத்து மாட்டினேன். இறுக்கமாக, கோபமாக ஏறியது, அது நல்ல அறிகுறி. ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பித் தைக்கலாம் என்று நினைத்திருந்தேன், நின்ற வண்டியில் எஞ்சின் இல்லாமல் அது திரும்பாது, சாவியை எடுத்தால் பூட்டும் விழுந்துவிடும். அதனால் நாம்தான் சுற்ற வேண்டும். மேல் பாதியை சீட்டில் உட்கார்ந்து தைத்தேன், கீழ் பாதியைக் காலடித் தளத்தில் மல்லாந்து, பெடலுக்குப் பக்கத்தில் தலையை வைத்து. நாற்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று முதுகு கேட்டது.

பெட்டியில் வந்த ஊசியும் நூலும் மோசமில்லை, ஆனால் நூலைத் தூக்கிப் போட்டுவிட்டு மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல் வாங்கினேன். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். ஒரே நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி, ஒவ்வொரு கண்ணியிலும் ஒன்று வலமிருந்து, ஒன்று இடமிருந்து. ஒரே ஊசியில் தைத்தால் தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். முதல் பத்து தையல் போட்டதும் பக்கத்து சீட்டில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

“என்னடா இது, ஒரு பக்கம் இறுக்கி ஒரு பக்கம் தொளதொளன்னு விட்டிருக்க? பூக் கட்டும்போது ரெண்டு நூலும் ஒண்ணா இழுபடணும். ஒண்ணு தளர்ந்தா மல்லி உதிர்ந்துடும்.”

பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அம்மா சொன்னதுதான் முழு வித்தையும். ஐந்தாறு தையல் தளர்வாகப் போட்டு, அப்புறம் முதல் தையலிலிருந்து ஒவ்வொன்றாக இரண்டு நூலையும் சமமாக இழுத்து வர வேண்டும், ஓரங்கள் ஒன்றையொன்று தொட்டதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் ஓரம் வெளியே மடிந்து உதடு பிதுக்கும். மொத்தம் இருநூறு தையலுக்குப் பக்கம் வந்தது. நூல் கையை அறுக்கிறது என்று ஆள்காட்டி விரல்களில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன்.

ஸ்போக் வரும் இடம்தான் எல்லோரும் அசடு வழியும் இடம். அங்கே ஓரங்கள் ஒன்றையொன்று தொட முடியாது, நடுவில் ஸ்போக் நிற்கிறது. முன்பக்க ஓரத்தின் கண்ணிகளில் மட்டும் நூலை ஓட்டிக்கொண்டு ஸ்போக்கைத் தாண்டி, பின்பக்க ஓரத்தை இன்னொரு ஊசியால் அதேபோல் தாண்டி, மறுபுறம் போனதும் இரண்டையும் சேர்த்து இறுக்க வேண்டும். மிஞ்சும் ஓரத்தை டீஸ்பூன் கைப்பிடியால் ஸ்போக்கின் பிளாஸ்டிக்குக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள கோட்டில் சொருகிவிடலாம். ஸ்க்ரூட்ரைவர் எடுக்காதீர்கள், தோலில் குத்திக் கீறும், நான் ஒரு இடத்தில் கீறினேன், நாலு மணி இடத்தில் பின்பக்கம், விரலால் தடவினால் இன்னும் தெரிகிறது. நான்கு பகுதிக்கும் தனித்தனி நூல் எடுத்ததால் ஒரு இடம் தளர்ந்தாலும் முழுவதும் அவிழாது. முடிச்சை உள்ளே தள்ளி ஒரு பொட்டு சூப்பர் குளூ.

முதல் மாலை மூன்று மணி நேரம், மறுநாள் இரண்டரை. சாதாரணக் காருக்கு இரண்டு மணி நேரத்தில் முடித்தேன் என்கிறவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், அல்லது பாதி தையலைத் தாண்டியவர்கள்.

எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். முதல் மாதம் தோல் கொஞ்சம் இளகிக் கீழ் வலதுபுறம் ஒரு சாண் நீளம் தளர்ந்தது, அந்தப் பகுதியை மட்டும் பிரித்துத் திரும்பத் தைத்தேன், அதன் பிறகு அசையவில்லை. வளையத்தை இரண்டு கையால் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார்ப்பதுதான் சோதனை, உறை ஒரு நூல்கூட நகரக் கூடாது. மாதம் ஒரு தடவை இதைச் செய்கிறேன். பிடி சற்றே தடித்திருக்கிறது, ஆனால் மனைவியின் விரல் சுற்றி வருகிறது. பனிக்காலத்துக் காலையில் கை விறைக்காதது நான் எதிர்பார்க்காத லாபம். எடை கூட ஒரு இருநூறு கிராம். சிரிக்காதீர்கள், 1997க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்த எங்களைப் போன்றவர்களுக்கு மூன்றரை டன்தான் எல்லை, இட்லிப் பாத்திரத்தை எடுப்பதா குக்கரை எடுப்பதா என்று எடை போட்டுப் பார்க்கும் வீடு இது.

தோலுக்கு ஒரு குறை உண்டு. வண்டியைக் குளிர்காலம் முழுக்க மூடி நிறுத்தினால் உள்ளே ஈரம் கோத்து, தோல்மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக்கைப் பிடிக்காத பூஞ்சை இதைத் தேடி வரும். டேஷ்போர்டில் ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்துவிட்டால் போதும். ஈரத்துணியால் துடைத்து, வருடத்துக்கு இரண்டு தடவை தோல் கிரீம் கொஞ்சமே கொஞ்சம். இந்த அக்கறை வராது என்று தோன்றினால், வண்டியைத் திறந்தவெளியில் ஆறு மாதம் மறந்துவிடும் ஆள் என்றால், 170 பவுண்டு கொடுத்தும் பிரயோஜனமில்லை, அதுவும் தோல்தான், அதற்கும் பூஞ்சை வரும்.

மிட்ஜுக்கு இப்போது இக்காரிடின் என்ற வேறு பூச்சிவிரட்டி கலந்த ஸ்ப்ரேக்கு மாறிவிட்டோம், அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. டீட் தோலையும் விட்டுவைக்காது என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

போன வாரம் ரெடிங்கில் இருக்கும் நண்பர் தன் 2022 வண்டியைக் காட்டி, எனக்கும் ஒன்று தைத்துக் கொடுங்களேன் என்றார், உறைகூட வாங்கி வைத்திருந்தார். ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்தேன், கொஞ்சம் சன் கிரீம், கொஞ்சம் பிஸ்கட் தூள். ஈரத்துணி கேட்டு வாங்கித் துடைத்துக் காட்டிவிட்டு, உறையைப் பெட்டி பிரிக்காமலே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, டீ குடித்து வந்தேன்.